பெரியப்பாவின் ஓய்வுத் தாளில் ஒரு படி குறைந்த தரம்: இனியும் திருத்தலாமா?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதுகிறேன், பிழையென்றால் சொல்லுங்கள். உங்கள் பெரியப்பா 1975இல் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து 22 வருடம் சேவை செய்துவிட்டு 1997இல் ஓய்வுபெற்றவர். மாஸ்டர் சார்ஜன்ட்டாக இருந்தவர் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இப்போது கொக்குவில் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கிடைத்த தாளில் சார்ஜன்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால் அவர் கதையை மாற்றுகிறார். “அங்கே ஒரு அதிகாரியோடு ஏதோ பிரச்சினை” என்று மட்டும் பெரியம்மா சொல்கிறா. மூன்று வருடத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று வருடம் என்றொரு கெடு சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதோடு கதவு மூடிவிடுகிறது என்பது பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் பிழையாக எழுதப்பட்டதா, இல்லாவிட்டால் தாள் சரியாகத்தான் எழுதப்பட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் முடிவுதான் அவரை நோகச் செய்கிறதா? இரண்டுக்கும் வழி வேறு, விண்ணப்பம் போகும் இடமும் வேறு. இதைப் பிரிக்காமல் எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வருவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அமெரிக்க இராணுவத்தின் ஆளணிப் பதிவு வேலையில் இருந்து ஓய்வுபெற்று, பிறகு பல வருடம் முன்னாள் படையினருக்கு இப்படியான விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தவன் நான். இப்போது நல்லூரில் இருக்கிறேன். சட்டத்தரணி அல்ல, பெரியப்பாவின் கோவையையும் பார்க்கவில்லை. ஆகவே சட்டமும் நடைமுறையும் பற்றி உறுதியாகச் சொல்வேன், அவருடைய வழக்கில் என்ன முடிவு வரும் என்று சொல்லமாட்டேன்.

முதலில் பெயர்களில் வரும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சார்ஜன்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பது இ-7 சம்பளத் தரம். மாஸ்டர் சார்ஜன்ட், ஃபர்ஸ்ட் சார்ஜன்ட் இரண்டும் அதற்கு ஒரு படி மேலே, இ-8. ‘ஃபர்ஸ்ட்’ என்ற சொல் இரண்டு தரத்திலும் வருவதால் குடும்பத்தில் கதை கைமாறும்போது ஒன்று மற்றதாகிவிடும். இன்னொன்று, ஆள் பற்றாக்குறையான அணிகளில் இ-7 ஆள் ஒருவரே பதில் கடமையாக ஃபர்ஸ்ட் சார்ஜன்ட் வேலையைப் பார்ப்பார். எல்லோரும் அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், சம்பளமோ இ-7இல்தான் நிற்கும். சட்டம் கணக்கில் எடுப்பது ஆணை மூலம் கிடைத்த தரத்தை மட்டுமே, பார்த்த வேலையை அல்ல. வீட்டில் அவருடைய சீருடைப் படம் இருந்தால் கைச்சட்டைச் சின்னத்தை உற்றுப் பாருங்கள். மேலே மூன்று கூர்ப்பட்டிகளும் கீழே இரண்டு வளைவுகளும் என்றால் இ-7. கீழே மூன்று வளைவுகள் என்றால் இ-8, நடுவில் வைரக்கட்டி வடிவம் இருந்தால் ஃபர்ஸ்ட் சார்ஜன்ட். படம் மட்டும் சான்றாகாது. ஆனால் எந்தத் திசையில் தேடவேண்டும் என்பதை அது உடனே காட்டிவிடும்.

அடுத்தது, நீங்கள் கண்ட தாள் எது என்பது. டி.டி. 214 என்று மூலையில் அச்சிட்டிருந்தால் அது சேவையிலிருந்து விலகிய நாளின் நிலையைச் சொல்லும் தாள். அதில் 4ஆம் கட்டத்தில் தரமும் சம்பளத் தரமும் இருக்கும். 12ஆம் கட்டத்தின் கடைசி வரியில் அந்தச் சம்பளத் தரம் எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும். அந்தத் தேதி பொன்னானது. 1997இல் ஓய்வுபெற்றவரின் இ-7 தேதி 1980களில் இருந்தால் அவர் இ-7 ஆகவே கடைசிவரை இருந்திருக்கிறார், அல்லது பதிவு புதுப்பிக்கப்படவில்லை. அது 1996 அல்லது 1997 என்று இருந்தால், மேலே இருந்து கீழே இறக்கப்பட்ட நாள் அதுவாக இருக்கக்கூடும். டி.டி. 214ஐத் தவிர, ஓய்வு ஆணை என்று தனியே ஒரு கடிதம் உண்டு. ஓய்வுபெற்றோர் பட்டியலில் எந்தத் தரத்தில் வைக்கப்பட்டார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மூன்றாவதாக, பென்சன் அனுப்பும் நிதிச் சேவையின் கணக்குத் தாள். நிதிச் சேவைக்கு எழுதிப் பயனில்லை, இராணுவம் சொன்ன தரத்துக்குத்தான் அவர்கள் காசு கணக்கிடுகிறார்கள். கொழும்பில் உள்ள தூதரகத்துக்கும் இதில் அதிகாரம் இல்லை.

தாள் மட்டும் பிழை என்றால் வேலை இலேசு. ஒரு சம்பவம் சொல்கிறேன். பதவி உயர்வு ஆணை வந்த கையோடு ஓய்வு விடுப்பில் வெளிக்கிட்டவர் ஒருவர். டி.டி. 214ஐத் தட்டச்சு செய்த அலுவலகத்தின் கணினியில் பழைய தரமே இருந்தது, அப்படியே அச்சாகிவிட்டது. அவரிடம் உயர்வு ஆணையின் பிரதி இல்லை. ஆனால் கடைசி மாதச் சம்பளச் சீட்டை வருமானவரிக் கடுதாசிகளோடு சேர்த்து வைத்திருந்தார். சம்பளச் சீட்டின் மேல்வரியிலேயே சம்பளத் தரம் இருக்கும். புதிய தரத்தில் காசு கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு துண்டை வைத்து ஆணையின் இலக்கத்தைத் தேடிப் பிடித்தோம், டி.டி. 215 என்ற திருத்தத் தாள் வந்தது. எந்தச் சபைக்கும் போகவில்லை. ஆகவே பெரியப்பாவின் பழைய வங்கி, வரிக் கடுதாசிகளை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஆனால் முறை வருவதற்கு முன் ஓய்வுபெற்றுவிட்டார். சாதாரண ஓய்வில், அதிகாரி அல்லாத தரங்களில் உள்ளவர் ஓய்வு நாளன்று எந்தத் தரத்தில் இருந்தாரோ அதே தரத்தில் ஓய்வுபெறுகிறார் என்பது சட்டம். பட்டியலில் பெயர் இருந்தது என்பது தரம் வகித்ததாகாது. இதற்கு விலக்கு, உடல் இயலாமையால் ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள். அமெரிக்கச் சட்டக் கோவையின் 10ஆம் தொகுதியில் 1372ஆம் பிரிவு இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையில் கண்ட அந்த இயலாமை மட்டும் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உயர்வையும் அது கணக்கில் எடுக்கும். எனவே பெரியப்பா எந்த வகை ஓய்வில் வந்தார் என்பதையும் ஓய்வு ஆணையில் பாருங்கள்.

இனி, பெரியம்மா சொன்ன ‘பிரச்சினை’. இ-8 ஆக இருந்தவரை இ-7க்கு இறக்கி, அந்தத் தரத்திலேயே ஓய்வு கொடுத்திருந்தால், டி.டி. 214 பிழையில்லை. அந்த நாளில் அவர் இ-7தான். இங்கேதான், பெரும்பாலான குடும்பங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு சட்டம் உதவிக்கு வருகிறது. அதே 10ஆம் தொகுதியின் 7344ஆம் பிரிவு (பழைய கடுதாசிகளில் 3964 என்று இருக்கும்). 30 வருடத்துக்குக் குறைவாகச் சேவை செய்து ஓய்வுபெற்றவருக்கு, சேவைக் காலமும் ஓய்வுப் பட்டியலில் இருந்த காலமும் கூடி 30 வருடம் நிறையும்போது, அவர் திருப்திகரமாக வகித்த அதியுயர் தரத்துக்கு ஓய்வுப் பட்டியலில் உயர்த்தப்படும் உரிமை இருக்கிறது. உங்கள் பெரியப்பாவுக்கு 22 வருடச் சேவை, அதோடு எட்டு வருடம். அதாவது 2005இலேயே அந்த நாள் வந்து போய்விட்டது. இது தானாக நடந்திருக்கும் என்று நம்பி இருக்கவேண்டாம். கேட்டு எழுதாததால் பல வருடம் அப்படியே கிடந்த கோவைகளை நான் என் கையால் புரட்டியிருக்கிறேன். வெளிநாட்டில் போய் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவும் ஆளில்லை.

‘திருப்திகரமாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. அதைத் தீர்மானிப்பது இராணுவத் தர நிர்ணய மீளாய்வுச் சபை. இராணுவ நீதிமன்றத் தண்டனையாலோ, பிரிவு 15 என்று சொல்லும் கட்டளை அதிகாரியின் தண்டனையாலோ, வேறு ஒழுக்கக் குற்றத்தாலோ இறக்கப்பட்டிருந்தால், மேல்தரத்துச் சேவை வழமையாகத் திருப்தியற்றது என்றே கொள்ளப்படும். விலக்குகள் உண்டு, ஆனால் அதற்கு அவருடைய மதிப்பீட்டு அறிக்கைகளும் பதக்கங்களும் பலமாகப் பேசவேண்டும். மாறாக, தன் விருப்பத்தாலோ, வேலைப் பிரிவு மாறியதாலோ, உயர்வுக்கு நிபந்தனையாக வைத்த பயிற்சியை வேறு காரணத்தால் முடிக்க முடியாமலோ இறங்கியிருந்தால் நிலைமை எவ்வளவோ நல்லது. ஆகவே அவரிடம் காரணத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். சபைக்கு முழுக் கோவையும் போகும், மறைத்து எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். எப்படிக் கேட்பது என்பதில் ஒரு யோசனை. எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். “உங்களில் பிழை பிடிக்கக் கேட்கவில்லை பெரியப்பா, 30 வருடச் சட்டம் என்று ஒன்று இருக்காம், அதுக்கு இந்த விபரம் வேணுமாம்” என்று சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். அரைநூற்றாண்டுக்கு முன் தனியே ஒரு அந்நிய இராணுவத்தில் சேர்ந்து, 22 வருடம் உழைத்து எட்டிய ஒரு படி அது. அதைப் பற்றிக் கதைக்க அவருக்கு வலிப்பது நியாயம்.

தரம் இறக்கியதே அநியாயம் என்றால், அல்லது தர நிர்ணயம் அவருக்கு எதிராக வந்தால், கடைசி இடம் இராணுவப் பதிவுகள் திருத்தச் சபை. அதே 10ஆம் தொகுதியின் 1552ஆம் பிரிவின் கீழ் இயங்குவது. விண்ணப்பப் படிவம் டி.டி. 149. இணையத்திலும் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. சபையில் இருப்பவர்கள் சிவில் உத்தியோகத்தர்கள், ஒரு வழக்கைக் குறைந்தது மூன்று பேர் பார்ப்பார்கள். பெரும்பாலும் கடுதாசிகளை வைத்தே முடிவெடுப்பார்கள், நேரில் கூப்பிடுவது அபூர்வம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது ஒரு விதத்தில் வசதி. நீங்கள் கேட்ட மூன்று வருடக் கெடு இங்கேதான் வருகிறது. பிழையையோ அநீதியையோ கண்டறிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது பொதுவிதி, ஆனால் நீதியின் நலனுக்காகச் சபை அந்தத் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுத படிவத்திலேயே இடம் உண்டு. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை, நல்ல சான்று உள்ள வழக்கைத் தாமதத்துக்காக மட்டும் தள்ளுவது குறைவு. வழக்கில் சாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தாமதத்தை மன்னிப்பதா என்றே யோசிக்கிறார்கள். 30 வருடச் சட்டத்தின்படியான உயர்வைக் கேட்கும்போது இந்த மூன்று வருடக் கணக்கை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, நேரே தர நிர்ணயத்தைக் கேட்டு எழுதுங்கள்.

சபை தானாகத் துப்புத் துலக்காது. பதிவுகள் சரியானவை என்ற அனுமானத்தோடுதான் தொடங்கும், பிழை என்று காட்டும் பாரம் விண்ணப்பதாரரின் தலையில். அதனால் முழு ஆளணிக் கோவையையும் முதலில் எடுக்கவேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் தேசிய ஆளணிப் பதிவு நிலையத்துக்கு எஸ்.எஃப். 180 என்ற படிவத்தால், அல்லது இணையவழியாகக் கேட்கலாம். அந்த நிலையத்தில் 1973 ஜூலை 12இல் பெரிய தீ விபத்து நடந்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோவைகள் எரிந்தன, இனி எதுவும் கிடைக்காது என்று யாரும் சொன்னால் கணக்கெடுக்கவேண்டாம். எரிந்தவை பெரும்பாலும் 1960க்கு முன் விலகிய இராணுவத்தினருடையவையும் 1964க்கு முன் விலகிய விமானப்படையினருடையவையும். 1997 கோவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டி.டி. 214 மட்டும் கேட்காமல், உயர்வு ஆணைகள், இறக்கிய ஆணை, மதிப்பீட்டு அறிக்கைகள் உட்பட முழுக் கோவை என்று எழுதிக் கேளுங்கள். இறக்கிய ஆணையில் எந்த ஒழுங்குவிதியின் எந்தப் பந்தியின் கீழ் என்று ஒரு வரி இருக்கும். நான் கோவை திறந்தால் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல், பெயர். கந்தையாவின் மகன் சிவராசா இலங்கைக் கடவுச்சீட்டில் ‘கந்தையா சிவராசா’ என்று போயிருப்பார். அங்கே கடைசியில் வருவதைக் குடும்பப் பெயராக எடுத்துச் ‘சிவராசா’வில் கோவை திறந்திருப்பார்கள். பிறகு குடியுரிமை எடுக்கும்போது முன்பின்னாக மாற்றியிருப்பார், சுருக்கியும் இருப்பார். சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஒன்றாகவே இருப்பதால் கோவை கிடைத்துவிடும், ஆனால் இரண்டு பெயரிலும் ஆணைகள் கிடந்து சபை அவற்றை வேறுவேறு ஆட்களுடையவை என்று எண்ணும் ஆபத்து இருக்கிறது. குடியுரிமைச் சான்றிதழின் பிரதியை வைத்து, “இந்த இரண்டு பெயரும் நானே” என்று ஒரு கூற்றும் எழுதி இணைத்துவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பிவைத்த கடுதாசிகள் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன என்றால் அதையும் அந்தக் கூற்றில் ஒரு வரியில் எழுதலாம், அது சாட்டு அல்ல, நடந்தது.

கூற்றுக்கு முத்திரை வாங்க ஆட்கள் அலைவதைப் பார்க்கிறேன். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கலாம், தடையில்லை. ஆனால் கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் கையொப்பம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் 28ஆம் தொகுதி 1746ஆம் பிரிவு, அந்நாட்டுக்கு வெளியே இருந்தும் ஒருவர் எழுத்தில் உறுதிமொழி கொடுக்க இடமளிக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ், பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு, மேற்கூறியவை உண்மை என்று எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டால் போதும். அன்று கூட வேலைசெய்த யாராவது உயிரோடு இருந்து தொடர்பில் இருந்தால், அவரும் இப்படியே ஒரு கூற்று எழுதலாம். “நல்ல மனிதர்” என்று பொதுவாக எழுதும் கடிதத்தைவிட, “அந்த அணியில் இந்த மாதத்திலிருந்து இந்த மாதம்வரை இ-8 ஆக எனக்கு மேல் இருந்தார்” என்ற ஒரே வரிக்குப் பெறுமதி அதிகம்.

தபால் விடயத்தில் கவனம். சபை சில வேளைகளில் ஆளணிக் கட்டளையகத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்டு, அதை விண்ணப்பதாரருக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அவகாசம் குறுகியது. கடிதம் கொக்குவிலுக்கு வந்து சேருவதற்குள் அது முடிந்துவிடக்கூடும். மின்னஞ்சல் முகவரி கட்டாயம் கொடுங்கள், அமெரிக்காவில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவருடைய முகவரியையும் கொடுங்கள். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படையினர் அமைப்புகளில் பிரதிநிதி ஒருவரைக் காசில்லாமல் எடுக்கலாம். காசு கேட்டு ‘எடுத்துத் தருகிறேன்’ என்று வருபவருக்கு ஆவணங்களைக் கொடுக்கவேண்டாம். சட்டப்படி திருத்தச் சபை தன் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறைப் பத்து மாதத்திலும், மற்றவற்றைப் பதினெட்டு மாதத்திலும் முடிக்கவேண்டும். எனவே பொறுமை வேண்டும். மறுத்தாலும், புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

காசு எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1980 செப்டெம்பர் 8க்கு முன் சேர்ந்தவர் என்பதால் அவருடைய பென்சன் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் வருடத்துக்கு 2.5 வீதம், 22 வருடத்துக்கு 55 வீதம். உயர்வு கிடைத்தால் அதே வீதம் இ-8 சம்பளத்தில் மீளக் கணிக்கப்படும். நிலுவை எவ்வளவு தூரம் பின்னோக்கிக் கிடைக்கும் என்பது முடிவின் வாசகத்தைப் பொறுத்தது, இப்போதே அதைக் கணக்குப் பண்ணி வீட்டில் ஆசையை வளர்க்கவேண்டாம். காயம், நோய்க்காக முன்னாள் படையினர் திணைக்களம் கொடுக்கும் உதவித்தொகை தரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, அது மாறாது. விதவைக்கான திட்டத்தில் முழுப் பென்சனுக்கும் சேர்ந்திருந்தால் பெரியம்மாவின் பங்கும் கூடும்.

வயதை நினைத்துச் சொல்கிறேன், கெதியாகத் தொடங்குங்கள். அவர் இல்லாத காலத்திலும் மனைவியோ சட்டபூர்வ வாரிசோ விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இந்தக் கிழமையே செய்யக்கூடியது, எஸ்.எஃப். 180ஐ நிரப்பி அவருடைய கையொப்பத்தை வாங்கி அனுப்புவது. உயிரோடு இருப்பவரின் கோவையை அவர் கையொப்பம் இல்லாமல் உங்களுக்குத் தரமாட்டார்கள். கோவை வந்ததும் 12ஆம் கட்டத்துத் தேதியையும், இறக்கிய ஆணை இருந்தால் அதன் ஒழுங்குவிதிப் பந்தியையும் இங்கே எழுதுங்கள். பெயரும் இலக்கங்களும் வேண்டாம். அந்த இரண்டையும் பார்த்தால் எந்தச் சபைக்கு, என்ன கேட்டு எழுதவேண்டும் என்று சொல்லிவிடுவேன்.